டீச்சர் வீட்டு மக்குகள்

"முக்காலும் அரையும் கூட்டினா எவ்வளவுடா?"

சின்னவன் கரும்பலகையை முறைத்தான். மேலே இருந்த எண்கள் இரண்டையும் கூட்டினான். கீழே இருந்த எண்கள் இரண்டையும் கூட்டினான். ஆறில் நாலு என்று எழுதிவிட்டு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

சும்மா டீச்சர் இல்லை, கணக்கு டீச்சர். லீவு விடுகிற அன்று பள்ளிக்கூடத்தில் பெற்றோரையெல்லாம் உட்கார வைத்து, 'விடுமுறையில் பிள்ளைகளை வீட்டிலேயே எப்படிப் படிக்க வைப்பது' என்று மைக் பிடித்துப் பேசிக் கைதட்டல் வாங்கினவர். சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டு ஹாலில் கரும்பலகை மாட்டி, டைம்டேபிள் ஒட்டி, மணி அடிக்காத குறையாக வகுப்பு நடத்துகிறவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலா இப்படி இரண்டு மக்குகள்!

பரீட்சை வரைக்கும் நன்றாகத்தான் படித்தார்கள். லீவு விட்டதும் மூளைக்கும் சேர்த்து லீவு விட்டுவிட்டார்கள் போல. ஏழாவது முடித்த பெரியவளுக்குப் பரப்பளவு மறந்து போச்சு. ஐந்தாவது முடித்த சின்னவனுக்குப் பின்னம் மறந்து போச்சு.

"உங்கப்பாகிட்ட போய் சொல்லு, பையன் அப்படியே அவரை மாதிரியே வந்திருக்கான்னு," என்றார் டீச்சர், பெரியவளிடம்.

அப்பா ஒன்றும் வெளியூரில் இல்லை. அதே ஹாலின் இன்னொரு மூலையில், கம்ப்யூட்டரில் யாரோ கட்டப்போகிற வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, காது நல்லாவே கேக்குதுன்னு."

கொஞ்ச நாளாக இந்த வீட்டில் இப்படித்தான். ஜன்னலுக்கு எந்தக் கலரில் திரை போடலாம் என்று ஆரம்பித்த பேச்சு, மாமியாரைத் தொட்டு, மச்சினியை இழுத்து, கடைசியில் பேச்சே நின்று போனது. படித்தவர்கள் இல்லையா, பிள்ளைகள் எதிரில் சண்டை போட மாட்டார்கள். பிள்ளைகள் மூலமாகத்தான் போடுவார்கள். வாங்கின திரைத்துணி பிரிக்காமலே சோபாவில் கிடந்தது.

"லீவு முடியட்டும் அக்கா, பசங்களை உங்க ஊர் ஸ்கூல்லயே சேர்த்துட்டு நானும் அங்கேயே வந்துடறேன். இங்க இருந்தது போதும்," என்று டீச்சர் போனில் சொல்லியும் ஆகிவிட்டது.

"ஆறில் நாலா?" அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டார். "டேய், முக்காலே அதைவிடப் பெருசுடா! கூட்டினா எப்படிடா குறையும்?"

பழைய வரைபடத் தாள் ஒன்றை எடுத்து நாலாகக் கிழித்தார். "இங்க பாரு. இதுல மூணு துண்டு முக்கால்..."

டீச்சர் சும்மா இருப்பாரா?

"அப்படிச் சொல்லிக்குடுத்தா இன்னும் குழம்பிடுவான். முதல்ல கீழ இருக்கறதைச் சமமாக்கணும்."

"துண்டைக் கையில குடுத்தாத்தான் புரியும்."

"உங்களுக்கு அப்படித்தான் புரிஞ்சுதாக்கும்?"

"எனக்குக் கணக்கு எங்க புரிஞ்சுது? புரிஞ்சிருந்தா உன்னைக் கட்டியிருப்பேனா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டால் கௌரவம் என்னாவது? சாக்பீஸ் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

மறுநாள் பெரியவளின் முறை. ஹாலின் பரப்பளவு எவ்வளவு என்று கேட்டதற்கு, நாலு சுவரின் நீளத்தையும் கூட்டி வைத்தாள். வேறு வழியில்லாமல் டேப்பின் ஒரு முனையை அப்பா பிடிக்க, மறுமுனையை டீச்சர் பிடிக்க வேண்டியதாயிற்று. "இன்னும் கொஞ்சம் இழு", "நீங்க முதல்ல நேராப் பிடிங்க" என்று அதற்கே அரை மணி நேரம் ஓடியது.

"பசங்க சுத்தமா மக்காயிட்டாங்க அக்கா," என்று அன்று சாயங்காலம் போனில் புலம்பினார் டீச்சர். "நாங்க ரெண்டு பேரும் கூடவே உட்கார்ந்தாத்தான் ஒரு கணக்காவது வருது. என் மானமே போகுது."

அடுத்த நாள் மதியம், சின்னவனைப் பலகை முன்னால் நிறுத்தி அதே முக்கால், அரைக் கணக்கைக் கொடுத்துவிட்டு, டீ போடப் போனார். அப்பா உள் அறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

டீயோடு திரும்பினவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். பலகையில் ஒண்ணேகால் என்று விடை அழகாக உட்கார்ந்திருந்தது! டீச்சருக்கு உச்சி குளிர்ந்து போனது. அதற்குள் பெரியவளின் குரல் கேட்டது.

"மண்டு! எதுக்குடா சரியாப் போட்டே?"

"தெரிஞ்ச கணக்கை எத்தனை நாள்க்கா தெரியாத மாதிரியே போடறது? கை தன்னால எழுதிடுச்சு."

"நீ சரியாப் போட்டா அம்மா டிக் அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க. தப்பாப் போட்டாத்தானேடா அப்பா எழுந்து வருவாரு? அப்போதானே ரெண்டு பேரும் பேசிக்கறாங்க? பெரியம்மா ஊர் ஸ்கூலுக்குப் போகணுமா உனக்கு?"

"வேணாம்க்கா."

"அப்போ அம்மா வரதுக்குள்ள அழி!"

சின்னவன் அவசர அவசரமாக டஸ்டரைத் தேடினான். அதற்குள் அம்மா எதிரில் வந்து நின்றார். இரண்டு பேரும் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள்.

டீச்சருக்கு மைக் பிடித்துப் பேசினதெல்லாம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. டீயைக் கீழே வைத்தார். சின்னவனை மெல்ல நகர்த்தினார். சிவப்பு சாக்பீஸை எடுத்தார். தன் சர்வீஸிலேயே முதல் தடவையாக, ஒரு சரியான விடைக்குக் குறுக்கே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

அப்புறம் யாரையும் தூது அனுப்பாமல், உள் அறையைப் பார்த்துத் தானே குரல் கொடுத்தார்.

"ஏங்க... கொஞ்சம் இங்க வாங்களேன். பையன் மறுபடியும் தப்பாப் போட்டு வெச்சிருக்கான்!"