வலது பக்கத்துப் படம்

"கண்ணை நல்லா ஒட்டி வச்சிப் பாரு" என்று புருஷன் தமிழ்வேந்தன் பெட்டியை நீட்டியதும் வைஜெயந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

பெட்டி அவனே செய்தது. பிளைவுட் துண்டுகளை அறுத்து ஒட்டி, இரண்டு பழைய பூதக்கண்ணாடிகளை முன்னால் பதித்து, பின்னால் எல்இடி விளக்கு வைத்திருந்தான். உள்ளே இடது கண்ணுக்கு ஒரு ஸ்லைடு, வலது கண்ணுக்கு ஒரு ஸ்லைடு. ஒரே இடத்தை, கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டு முறை எடுத்தது. இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் மரக்காணத்து உப்பளம் பெட்டிக்குள் அப்படியே எழுந்து நிற்குமாம்.

வைஜெயந்திக்கு இரண்டு வருஷமாக இடது கண் தெரியாது.

அது வீட்டுக்குள் இருக்கிற விஷயம். வெளியே மூச்சு விடக்கூடாது.

எதிரே உட்கார்ந்திருந்த உபைதுக்குக் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ். வந்து தங்குகிறவர்கள் பார்க்க இப்படி நாலு பெட்டி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தார். சாதாரணப் பொம்பளையே பார்த்து வாயைப் பிளந்தால் மனிதர் மடங்கிவிடுவார் என்று தமிழ்வேந்தன் நினைத்தான்.

ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் கண்ணில் பட்டதைச் சொல்லித் தொலைப்பார்கள். இவள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வாள்.

ஒரு வாரமாகப் பாடம் நடந்தது. மண்வெட்டிப் பிடி மூக்கில் இடிக்கிற மாதிரி இருக்குது என்று சொல்ல வேண்டும். அப்புறம் உப்புக் குவியல். அதற்கும் ரொம்பத் தள்ளிப் பனைமரம். தப்பாகச் சொன்னால் உபைத் போன பிறகு என்ன நடக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குனிந்து பார்த்தாள். மண்வெட்டியும் இல்லை, பனைமரமும் இல்லை.

அவசரத்தில் கைக்கு வந்த ஜோடியைச் செருகியிருந்தான். கெட்டுப்போன படத்தைக்கூடத் தூக்கிப்போட மனசு வராத ஆள்.

வரப்பில் அவளே நின்றாள், சிவப்புச் சேலையில். முகத்தைத் திருப்பி, யாரையோ பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது வலது பக்கத்துப் படம்.

இடது பக்கத்தில், சொன்னபடி அசையாமல் நின்றவள் இருந்தாள். அவளைத்தான் பார்க்க முடியவில்லை.

"கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்குதுங்க" என்றாள்.

உபைத் வாங்கிப் பார்த்தார். "உப்பெல்லாம் பிரமாதம்பா. தங்கச்சி மூஞ்சி மட்டும் ஏன் ரெண்டா ஆடுது?"

தமிழ்வேந்தன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அன்னிக்கு அசைஞ்சிட்டா பாய். அதுக்கப்புறம் ஒரு படத்துலயும் அசைஞ்சதில்ல."

உபைதும் சிரித்தார்.

வைஜெயந்தி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு, முதல் படத்துக்கு ஒழுங்காகத்தான் நின்றாள். இரண்டாவதுக்குள் உப்புக்கூடையோடு வரப்பில் போன ஆராயி, சாப்ட்டியாடி என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். பிலிம் ரோலில் அதுதான் கடைசிப் படம்.

ஆராயி கண்ணுக்கு மறைகிற வரை அவன் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாண்டிலிருந்து கேமராவைப் பதமாகக் கழற்றினான். லென்ஸில் உப்புத்தூசி ஒட்டியிருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துடைத்தான். பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, ஈரம் படாத இடமாகத் தேடி வைத்தான்.

அப்புறம்தான் ஸ்டாண்டை மடக்கிக் கையில் எடுத்தான்.