பெஞ்சு மேல் ஏறு!

"வந்துருச்சா மதினி?" ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே சம்பந்தியம்மாள் கேட்டாள்.

"மூணு நாளாச்சு, இன்னும் வரலை. பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா மறுபடியும் வயித்தத் தெறக்கணுமாம்" என்று கண்கலங்கினாள் செபாஸ்தியம்மாள்.

குடல் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்த அவள் புருஷன் சூசைமாணிக்கம் வாத்தியார் கண்களை இறுக மூடிக்கொண்டார். காலையிலிருந்தே அது வரத்தான் பார்க்கிறது. ஆரஞ்சுப் பழத்தோடு கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டம் நகர்ந்தால்தானே! அதுவும் இப்போது சம்பந்தியம்மாள் முன்னால் எப்படி?

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. வார்டே அதிர்ந்தது.

"காத்துப் பிரிஞ்சிருச்சு! குடல் வேலை செய்யுது, இனிமே கஞ்சி குடுக்கலாம்!" நர்ஸ் கைதட்டினாள். சம்பந்தியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

செபாஸ்தியம்மாள் கண்ணீரோடு சிரித்தாள்.

"வகுப்புல காத்து விட்ட பயலுகளையெல்லாம் பெஞ்சு மேல ஏத்துனீகளே, இப்ப நீங்க எதுமேல ஏறப் போறீக?"