சுவருக்குள் மூச்சு

குன்வோர் பனிச்சேறு படிந்த பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். ஸ்வீடனில் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஸ்டெல்லன் பதறி எழுந்தான். செத்துப்போன ஒரு எழுத்தாளரின் பேய்க்கதைகளை அவன் இசைத்தொகுப்பாக்கியிருந்தான். அந்த எழுத்தாளரின் நினைவில்லத்திலேயே குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்பவள் குன்வோர். ஒலிகளையெல்லாம் அங்கேதான் பதிவு செய்தான்.

"மூணாவது பாட்டுல ஒரு மூச்சு வருதே, என்ன அது?"

"சுவருக்குள்ள இருக்கிற பேயோட மூச்சு. எல்லாரும் அதைத்தான் பாராட்டுறாங்க."

"பேயா? வாயைக் கழுவு! பக்கத்து அறையில மத்தியானம் தூங்கிட்டிருந்த என் புருஷன் ஹோல்கரோட குறட்டைடா அது!"

ஸ்டெல்லனோ, பதிவு செய்தபோது அந்த வீட்டில் யாருமில்லை என்றல்லவா நினைத்திருந்தான்!

"மன்னிச்சிடுங்க குன்வோர். இன்னைக்கே அதை எடுத்துடறேன்."

"எடுத்தா கையை ஒடிச்சிடுவேன்!" மேசையில் ஓங்கி அடித்தாள். "அது மேல ஆர்கன் வாசிப்பைப் போட்டு மூடி வெச்சிருக்கியே, அதை எடு! அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து பதினோரு நாளாச்சு. நாப்பது வருஷமா அந்தக் குறட்டையைத் திட்டிக்கிட்டே தூங்கினவ நான். திட்டாம எனக்குத் தூக்கம் வரல."