அழுகைக்குத்தான் கூலி

தன் சிரிப்பு தனக்கே சொந்தம் என்று மனித குலம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. பெரும்பிழை. கூலிக்குச் சிரித்தால் சிரிப்பு முதலாளிக்கு. பல் மட்டுமே நமக்கு.

இதை ஒப்புக்கொள்ளாதவர் அழுகையக்கா. ஒலிப்பதிவுக் கூடத்தில் வானொலி நாடகங்களுக்கு அழுது கொடுப்பவர். ஆனால் ஊரெல்லாம் கேட்பது அவருடைய சிரிப்பு. எந்த நகைச்சுவை நாடகத்தைத் திருப்பினாலும் அதே சிரிப்பு. பெயர்தான் இல்லை.

"என் பேரைப் போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் அக்கா.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இந்த மைக்குல விழுந்ததெல்லாம் எனக்குத்தான்." கூடத்து முதலாளிக்குச் சிரிப்பே வராத முகம்.

"கையெழுத்துப் போட்டது அழறதுக்கு! அன்னிக்கு மைக்கை அணைக்க மறந்தது உங்க ஆளு. அதுல விழுந்தது என் சொந்தச் சிரிப்பு. அதைத்தான் வெட்டி எல்லா நாடகத்துலயும் ஒட்டுறீங்க."

பஞ்சாயத்துக்கு வந்திருந்த கலைஞர் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். "நியாயம்தானே? அழுகை உங்களுது, சிரிப்பு அவங்களுது."

"பேரைப் போட்டா, 'எப்படிம்மா இப்படிச் சிரிச்சே'ன்னு நாலு பேர் கேப்பாங்க. எதுக்கு வம்பு?" என்றார் முதலாளி.

"அப்ப வெட்டாத ஒலிநாடாவைப் போடுங்க. கேட்டுட்டுப் பேசுவோம்" என்றார் தலைவர்.

முதலாளி சட்டென்று எழுந்தார். "அதெல்லாம் வேணாம்."

"பாத்தீங்களா? மடியில கனம், அதான் வழியில பயம்!" என்றார் அக்கா.

ஒலிப்பதிவாளர் நாடாவை ஓட விட்டார். காட்சி முடிந்த பிறகும் அக்காவின் விசும்பல் நிற்கவில்லை. அவருடைய அப்பா தவறிய வாரம் அது. அழுகை நீண்டுகொண்டே போனது.

திடீரென்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ஒலிப்பதிவாளர் அறையிலிருந்து, அக்காவின் ஹெட்போன் வழியே ஒரு கோழி முட்டையிட்டது. கொக்கொக்கொக்கோ!

பிறகு அந்தப் புகழ்பெற்ற சிரிப்பு. சிரித்த வேகத்தில் அக்கா ஹெட்போனைக் கழற்றிப் போட்ட சத்தம்.

"நம்ம மிமிக்ரித் தம்பி" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்தபடி. "அன்னிக்கு என்னைக் கரையேத்தினதே அவன்தான். நன்றி சொன்னா, 'அது நான் இல்லவே இல்லை'ன்னு சாதிக்கிறான்."

நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கழற்றிப் போட்ட ஹெட்போனில் கோழி இப்போது மனிதக் குரலில் பேசியது.

"சிரிச்சிட்டாங்கப்பா! கோழி நான்தான்னு வெளிய சொல்லித் தொலைக்காதே. அப்புறம் எவன் என்னை முதலாளின்னு மதிப்பான்?"

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்த நாடகத்தின் முடிவில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. சிரிப்பு: அழுகையக்கா. கோழி: முதலாளி.