வெறுங்காலோடு நின்றவர்

“அம்மா, இந்தத் தாத்தா மட்டும் ஏன் செருப்பே போடல?” என்று சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் கல்யாணப் படத்தைக் காட்டி மகள் ஒருமுறை கேட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து வந்த களைப்பில் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவின் தங்கையான, இறந்துபோன அத்தையின் பெட்டியைத் திறந்தபோதுதான் கவனித்தாள். அப்பாவின் கல்யாணப் படத்தில் ஓரமாக ஒரு வெறுங்கால் கிழவர். அவளுடைய கல்யாணப் படத்திலும் அதே கிழவர், அதே வயதில். போன வாரம் கைபேசியில் எடுத்த படத்தில் மகளுக்குப் பின்னாலேயே நின்றார்.

“கூலி கேக்காம நிக்கிறார், விடேன்” என்று கணவன் சிரித்தான்.

“புள்ளைக்குப் பின்னாடி நிக்கிறாருங்க!” கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

இருப்புக் கொள்ளாமல் அத்தையின் டைரிகளைப் புரட்டினாள். ஓரிடத்தில் அத்தை எழுதியிருந்தாள்: ‘அண்ணனின் கல்யாணப் படத்துக்காக அவன் வேலை பார்த்த அச்சகத்தின் காவலாளி தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். இதோ அதோ என்று அண்ணன் திருப்பிக் கொடுக்கப் போவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஷூவைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.’

துணியில் சுற்றியபடி இருந்தது. பாலிஷ் போட்டு, புது நாடா கோத்தாள். வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில் வாசலில் வைத்தாள்.

“ரொம்பக் காக்க வெச்சுட்டோம், மன்னிச்சுக்கோங்க ஐயா” என்று கைகூப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் வாசல் காலியாக இருந்தது. கைபேசிப் படத்தில் மகள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கல்யாணப் படத்தில் கிழவர் அதே ஓரத்தில், பளபளக்கும் ஷூவோடு நின்றார். நடுவில் அப்பா, கோட்டும் டையுமாக, வெறுங்காலோடு நின்றார்.