தாய்க் கடிகாரம்

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓயாமல் கரகரக்கிறது. சிதறிய ஐஸ் தூளில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கவிழ்ந்து கிடந்து, கரைக்கு இழுத்துவரப்பட்ட வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, அதிலிருந்த ஆபத்து அழைப்புக் கருவியை மடிக்கணினியோடு இணைத்திருக்கிறாள் ஜெப்ஸி. கருவியை இயக்கும் டிரைவர் நிரல் அவள் எழுதியது. எதிரே ரெமிஜியுஸ் நிற்கிறார். இந்த வள்ளத்தில் கடலுக்குப் போய் இன்னும் உடல் கிடைக்காத தொம்மை அவருடைய தம்பி.

கருவிக்குள் திரையும் ரேடியோவும் இயங்கத் துடிப்புக் கொடுப்பது ஒரே தாய்க் கடிகாரம். திரை அணைந்ததும், ரேடியோவும் அதை நம்பியிருப்பது தெரியாமல், நிரல் தாயை நிறுத்திவிட்டிருக்கிறது. தொம்மை பொத்தானை அழுத்தியது மட்டும் பதிவாகியிருக்கிறது, மறுபடி மறுபடி; ஓர் அழைப்புகூட வெளியே போகவில்லை. ரேடியோவுக்காகத் தாயை ஓடவிடச் சொல்லும் வரியை அவள் எழுதித்தான் இருந்தாள். பேட்டரி சீக்கிரம் தீர்கிறதென்று மேலாளர் அபிலாஷ் எடுக்கச் சொன்னான். எடுத்தது அவள் விரல். இப்போது அவனே போனில் சொல்கிறான்: "தண்ணி ஏறிட்டுன்னு சொல்லிட்டு வந்துரு ஜெப்ஸி." கருவியின் பெட்டிக்குள் பச்சை மின்சுற்றுப் பலகை துளி ஈரமில்லாமல் பளபளக்கிறது. அவள் அவசரமாக மூடியைப் பொருத்துகிறாள்.

"என்னம்மா ஆச்சு?" என்கிறார் ரெமிஜியுஸ்.

"உள்ள தண்ணி ஏறிட்டு அண்ணாச்சி."

"மூடிய நல்லா முறுக்குலேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டானா, பாவிப்பய!" தம்பியைத் திட்டிக்கொண்டே கடைக்குப் போனவர், ஒரு பாட்டில் கலர் வாங்கிவந்து அவளிடம் நீட்டுகிறார். "வெயில்ல எம்புட்டு நேரம் இருக்க. குடி தாயி."

அவள் வாங்கிக் குடிக்கிறாள்.