தக்காளி வற்றும்வரை

“வெங்காயம் வதங்கிருச்சா?” என்று போனில் கேட்டாள் ரேடியோ.

“வதங்கிட்டே இருக்கு,” என்றேன்.

“சத்தம் ஜாஸ்தியா கேக்குதே. தீயைக் குறைடி.”

குழாயைக் கொஞ்சம் திருகினேன்.

“ம்... இப்ப சரி.”

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் குழாயை மெலிதாகத் திறந்துவிட்டால் போதும். போனில் கேட்பவருக்கு எண்ணெயில் வெங்காயம் வதங்குவது போலவே இருக்கும். நான் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ரொட்டியும் வாழைப்பழமுமாக என் மதியச் சாப்பாடு எப்போதோ முடிந்துவிட்டது.

பைத்தியக்காரத்தனம்தான். தெரியாமல் இல்லை.

ஒரு காலத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில், ஆறு கட்டில் போட்ட ஓர் அறையில் நானும் அவளும் இருந்தோம். அவளுக்குத் தபால் பிரிக்கும் வேலை. எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். விளக்கை அணைத்த பிறகும் அவள் வாய் ஓயாது. அதனால்தான் ரேடியோ என்று பேர்.

இப்போது மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று அவளுக்கு வீடு நிறைய ஆட்கள். நான் தனிக்கட்டை. சும்மா கூப்பிட்டால், “நல்லா இருக்கியா? சாப்ட்டியா? சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாள். குற்றம் சொல்லவில்லை, அவளுக்கு ஆயிரம் வேலை. ஆனால் அந்த அப்புறம் வந்ததே இல்லை.

ஒருநாள் பேச்சு வளரட்டுமே என்று, வெண்டைக்காயை வழவழப்பில்லாமல் எப்படி வதக்குவாய் என்று கேட்டுவைத்தேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பழைய ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டாள். மருமகளின் முகத்திருப்பல், முழங்கால் வலி, மாடிவீட்டுக்காரியின் நாய் என்று எல்லாம் வந்தது. நடுநடுவே கொஞ்சம் வெண்டைக்காயும் வந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சமைக்கத் தெரியாது.

விடுதியில் கூட இருந்த மற்றவர்களுக்கும் செய்தி போயிருக்கிறது. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியலையாம் என்று ஆளாளுக்குத் தங்கள் கைப்பக்குவத்தை எழுதி போனில் அனுப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி வைப்பேன். எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்குக் குரல் வேண்டும்.

அதனால்தான் சட்டென்று முடிகிற சமையலைக் கேட்பதில்லை. பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படிப்பட்டதாகக் கேட்பேன். நிஜமாகவே சமைத்தால் வெந்து தொலைந்துவிடும். வெந்துவிட்டால் போனை வைத்துவிடுவாள்.

இன்றைக்குத் தக்காளி முட்டை. அவளே சொன்னாள், அவளுடைய ஸ்பெஷலாம், இதுவரை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லையாம்.

“தக்காளி போட்டுட்டியா? மூடாத. தண்ணி தானா வத்தணும். அவசரப்பட்டா கெட்டுச்சு.”

“எனக்கென்ன அவசரம்?” என்றேன்.

“அது வத்தட்டும். நான் ஒண்ணு சொல்றேன் கேளு. இது எங்க கத்துக்கிட்டேன் தெரியுமா? ஹாஸ்டல்ல ஒரு தடவை காய்ச்சல்ல விழுந்தேனே. எதைக் குடுத்தாலும் உள்ள போகல. யாரோ ஒரு மகராசி, வார்டனுக்குத் தெரியாம இஸ்திரிப் பெட்டியைக் கவுத்து வெச்சு, அது மேல டிபன் பாக்ஸ் மூடியில இதைச் செஞ்சு ஊட்டிவிட்டா. அந்த ருசியைப் பிடிக்க எத்தனை வருஷம் செஞ்சு செஞ்சு பாத்தேன் தெரியுமாடி?”

குழாயை இன்னும் கொஞ்சம் மூடினேன்.

இஸ்திரிப் பெட்டி என்னுடையது. இரண்டு செங்கலுக்கு நடுவில் அதைத் தலைகீழாக நிறுத்தி, தக்காளி வற்றும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கரண்டி கரண்டியாக ஊதிக் கொடுத்தேன். சாறு வழிந்து பெட்டி பாழாகிவிட்டது. கேட்டவர்களிடம் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டு, கசங்கிய உடுப்போடு வேலைக்குப் போனேன். செய்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கு இல்லை. தவிர, அவளுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“யாருன்னுதான் ஞாபகமே வரல,” என்றாள். “காய்ச்சல்ல கண்ணே தெறக்க முடியல. பேங்க்ல வேலை பாத்தாளே, நெட்டச்சி, அவளாத்தான் இருக்கணும். நீயா இருக்க முடியாது.” சிரித்தாள். “ஒனக்குத்தான் வெந்நி போடவே தெரியாதே.”

நான்தான்டி. தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் பதறிப்போவாள், அழக்கூட அழுவாள். அவள் எனக்காக அழுதால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெரிஞ்சதை எதுக்குடி இத்தனை நாளா என்கிட்ட கேட்ட என்பாள். அதற்கு நான் என்ன சொல்வேன்? நாளைக்கு எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்?

“என்னடி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன், இருக்கேன். நெட்டச்சியேதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றேன். “சரி, முட்டையை எப்ப ஒடச்சு ஊத்தணும், அதைச் சொல்லு.”